ஒரு முகத்துக்கு ஒன்று, ஒரு வீட்டுக்கு ஒன்று

சான் ஹோசேயில் வசிக்கும் நண்பர் வீட்டு உணவு மேசையில், சென்ற சனிக்கிழமை மாலை, ஆப்பிளின் விஷன் புரோவும் மெட்டாவின் குவெஸ்ட் 3-உம் அருகருகே இருந்தன. இரண்டுமே முகத்தில் அணிபவை; சுற்றியுள்ள அறையோடு கணினிப் படங்களையும் கலந்து காட்டும் கலப்பு மெய்மைக் கருவிகள். 2024 பிப்ரவரி 2 அன்று அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த முன்னதன் தொடக்க விலை 3,499 டாலர். 2023 அக்டோபரில் வந்த பின்னதன் தொடக்க விலை 500 டாலர். இந்த ஏழு மடங்கு வேறுபாடு எதற்காக என்று அறியும் ஆவலோடு மூன்று மணி நேரம் இரண்டையும் மாற்றி மாற்றி அணிந்து பார்த்தேன்.

விஷன் புரோவை அணிந்ததும் நான் முதலில் பார்த்தது மேசை மீதிருந்த காபிக் கோப்பையைத்தான். ஆவி எழுவதும் விளிம்பில் விளக்கொளி படிந்திருப்பதும் அப்படியே தெரிய, தயங்காமல் கையை நீட்டி எடுத்தேன். கண்முன் இருப்பது கண்ணாடி அல்ல, கேமராக்கள் பிடித்துத் தரும் காட்சி என்பதே மறந்துபோகிறது. இரு திரைகளிலுமாக 2.3 கோடி பிக்சல்கள் இருப்பதும், கேமராக்கள் கண்டதை அதிலுள்ள ஆர்1 என்ற சிப் 12 மில்லிவினாடிகளில் திரைக்குக் கொண்டுவருவதும் இதற்குக் காரணம். அதைவிட என்னை வியக்க வைத்தது கண்ணால் தேர்ந்தெடுக்கும் முறை. ஒரு படத்தைப் பார்த்து, மடியில் கிடக்கும் கையின் இரு விரல்களைச் சேர்த்தால் அது திறந்துவிடுகிறது. கணினியை இயக்குகிறோம் என்ற எண்ணமே எழுவதில்லை. கலப்பு மெய்மைக் கருவிகள் இனி எல்லாமே இந்த வழியில்தான் வர வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன்.

குவெஸ்ட் 3-இல் அறை சற்று மங்கலாகத் தெரிகிறது, கைப்பேசியின் சிறிய எழுத்துகள் நெளிகின்றன. இந்த விலையில் 4 மெகாபிக்சல் வண்ணக் கேமராக்கள் இரண்டுதான் கிடைக்கும். ஆனால் அதில் மேசைப் பந்து ஆடத் தொடங்கியதும் அந்தக் குறை நினைவில் நிற்கவில்லை. பந்து மட்டையில் படும் நொடியில், கையில் பிடித்து ஆடும் கன்ட்ரோலர் உள்ளங்கையில் அதிர்கிறதே, அந்த உணர்வைக் காற்றில் விரலசைப்பதால் பெற முடியாது. எடையிலும் இதுவே மேல்: மின்கலத்தை உள்ளே வைத்துக்கொண்டும் குவெஸ்ட் 515 கிராம்தான், விஷன் புரோவோ 600 முதல் 650 கிராம், சட்டைப்பையில் வைக்க வேண்டிய மின்கலம் தனியாக 353 கிராம். நம் கண்களின் உருவத்தை எதிரில் இருப்பவருக்குக் காட்டும் வெளித்திரையை நீக்கியிருந்தால் எடையும் விலையும் குறைந்திருக்கும்.

மெட்டாவின் தலைவர் மார்க் சக்கர்பெர்க், விலையை விட்டுவிட்டுப் பார்த்தாலும் குவெஸ்ட் 3-தான் சிறந்தது என்று 2024 பிப்ரவரியில் வெளியிட்ட காணொளியில் சொன்னார். காட்சித் தெளிவில் அதை நான் ஏற்கமாட்டேன். ஆனால் அன்று மாலை என் மனத்தை மாற்றியது தெளிவு அல்ல.

நண்பர் தம் மகளின் பிறந்தநாளை ஐபோன் 15 புரோவில் முப்பரிமாணக் காணொளியாக எடுத்து வைத்திருந்தார். விஷன் புரோவின் ஆகச் சிறந்த பயன் என்று நான் கருதுவதும் இத்தகைய காணொளிகளைத்தான். அதைத் தம் அம்மாவுக்குக் காட்ட விரும்பினார். அம்மாவோ தடித்த மூக்குக்கண்ணாடி அணிபவர். விஷன் புரோவுக்குள் மூக்குக்கண்ணாடிக்கு இடமில்லை. அவரவர் பார்வைக்கேற்ற லென்சுகளை 149 டாலர் கொடுத்துத் தனியே வாங்க வேண்டும். முகத்தோடு பொருந்தும் பகுதியும் உரிமையாளரின் முகத்தை அளந்து தேர்ந்தெடுத்தது. குடும்ப நினைவுகளைப் பார்ப்பதற்கென்றே அமைந்ததுபோன்ற ஒரு கருவி குடும்பத்தில் ஒருவருக்கு மட்டுமே பொருந்துவது எனக்கு உண்மையிலேயே வருத்தமளித்தது.

குவெஸ்டில் இத்தகைய காணொளிகளைக் காட்டும் வசதி 2024 பிப்ரவரியில் வந்துவிட்டது. நண்பர் அந்தப் பிறந்தநாள் காணொளியையே அதில் ஏற்றி, லென்சுக்கும் கண்ணுக்கும் இடையிலான இடைவெளியைக் கூட்டி, அம்மாவின் மூக்குக்கண்ணாடி மீதே மாட்டிவிட்டார். சிறிது நேரம் பேசாமல் பார்த்திருந்த அம்மா, "பாவாடை ஓரத்துல தையல் விட்டிருக்கு பாரு, அன்னைக்கே யாரும் கவனிக்கலையா?" என்றார். நான் வாங்கப்போவது குவெஸ்ட் 3.