87 லிட்டரும் உடன்குடியும்

பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை விட்டதும் திருவொற்றியூரில் எங்கள் தெருவில் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி, "ஊருக்கு எப்போது கிளம்புகிறீர்கள்?" என்பதுதான். பெட்ரோல், டீசல் விலை கையைக் கடிப்பதால் இந்த ஆண்டு அதைக் கேட்கவே பலர் தயங்குகிறார்கள். நானும் யாரிடமும் கேட்கவில்லை.

விடுமுறைப் பயணம் என்றாலே ஊட்டி, கொடைக்கானல் என்று பேசுகிறவர்கள், கை இறுக்கமான காலத்தில் ஓர் ஆண்டு போகாமல் இருந்தால் என்ன குறைந்துவிடும் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். பிழைக்க வந்து வடசென்னையில் தங்கிவிட்ட என்னைப் போன்ற தென்மாவட்டத்துக் குடும்பங்களுக்குக் கோடை என்றால் சொந்த ஊர். அம்மன் கோயில் கொடை விழா, படுக்கையில் கிடக்கும் பெரியம்மாவைப் பார்ப்பது, பூட்டிக் கிடக்கும் வீட்டின் ஓட்டை மாற்றுவது, தள்ளிப்போன ஒரு கல்யாணப் பேச்சை முடிப்பது. இவற்றையும் உல்லாசக் கணக்கில் எழுதி வெட்டச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

எங்கள் ஊர் தூத்துக்குடி மாவட்டத்து உடன்குடி. மைத்துனருடைய பழைய காரை எடுத்துக்கொண்டு போகலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். போக வர ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்று வைத்தாலும் 87 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றாலே 8,700 ரூபாய் எண்ணெய்க்கு மட்டும் போய்விடும், சுங்கச்சாவடிகள் தனி. ரயிலில் படுக்கை வசதிக்குக் கட்டணம் குறைவுதான், ஆனால் 60 நாளுக்கு முன் முன்பதிவு தொடங்கும் காலை எட்டு மணிக்கே காத்திருப்போர் பட்டியலில் விழுந்துவிடுகிறோம். 58 வயதைக் கடந்த என் தாயாருக்கு ஒரு காலத்தில் கிடைத்த பாதிக் கட்டணச் சலுகையும் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டதுதான். அரசுப் பேருந்து என்றால், மூட்டை முடிச்சுகளோடும் முதியவரோடும் இங்கிருந்து 40 கிலோமீட்டருக்கு மேல் நகரைக் கடந்து கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் போய்ச் சேருவதே ஒரு பயணம். ஐந்து பேருக்கு ஆம்னி பேருந்தில் மே மாதத்து விலையைப் பார்த்துவிட்டு என் மனைவி ஒன்றும் சொல்லாமல் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார்.

துறைமுகத்தை ஒட்டிய ஒரு சிறிய டிரெய்லர் லாரி அலுவலகத்தில் நான் கணக்கு எழுதுகிறேன். ஒரு நடைக்கு ஆகும் செலவில் பாதிக்குக் குறையாமல் டீசலே தின்றுவிடுகிறது. டீசல் ஏறியதும் வாடகை ஏறிவிடும் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். லோடு தட்டுப்பாடாக இருக்கும்போது வாடகையை ஏற்றிக் கேட்பவருக்கு நடையே கிடைக்காது. 2025 ஆகஸ்ட் இறுதியில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீதான வரியை 50 சதவீதமாக்கிய பின், ஆம்பூர்ப் பக்கத்துத் தோல் சரக்கு எங்களுக்கு வெகுவாகக் குறைந்தது. நடை குறைந்தால் ஓட்டுநருக்கு நடைக்கு இவ்வளவு என்று கிடைக்கும் பேட்டா குறையும். எனக்கு ஊதிய உயர்வு இல்லை. எண்ணெய் விலை எங்கள் விடுமுறையில் இரண்டு முறை கை வைக்கிறது, பயணச் செலவில் ஒருமுறை, வருமானத்தில் ஒருமுறை.

பெட்ரோல், டீசல் விலை நாள்தோறும் சந்தையைப் பின்தொடரும் என்று 2017 ஜூன் 16 முதல் நாடு முழுவதும் புதிய முறை வந்தது. 2022 மே மாதம் மத்திய அரசு கலால் வரியைப் பெட்ரோலுக்கு 8 ரூபாயும் டீசலுக்கு 6 ரூபாயும் குறைத்ததற்குப் பிறகு, 2024 மார்ச்சில் 2 ரூபாய் குறையும் வரை சென்னையில் அந்த விலை அசையவே இல்லை. இடையில் பீப்பாய் 110 டாலருக்கு மேல் இருந்த கச்சா எண்ணெய் 75 டாலர் அளவுக்கு இறங்கியிருந்தது. முன்னர் ஏற்பட்ட நட்டத்தை எண்ணெய் நிறுவனங்கள் ஈடுகட்டிக்கொண்டன என்ற விளக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் ஏற்றம் மட்டும் எங்கள் தலையில், இறக்கம் அவர்கள் ஏட்டில் என்றால், அதைச் சந்தை விலை என்று அழைப்பதையாவது நிறுத்தலாம். இத்தனைக்கும் எங்களுக்குப் பக்கத்திலேயே, மணலியில், 1969 முதல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை ஓடுகிறது. தண்டையார்பேட்டையில் எண்ணெய்த் தொட்டிகள் வரிசையாக நிற்கின்றன. (அவற்றின் நாற்றத்துக்கு மட்டும் எங்களிடம் இதுவரை வரி கேட்கவில்லை.)

என்னைவிடக் கடினமான நிலையில் இருப்பவர் எதிர்வீட்டுக்காரர். காசிமேட்டில் விசைப்படகில் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பிள்ளைகளின் விடுமுறையோடு அப்படியே பொருந்திவருகிறது. வீட்டில் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் ஓய்வு கிடைக்கிறது, கையில்தான் காசு இல்லை. பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துப் போனீர்களா என்று அவரிடம் கேட்டுவிட்டு, கேட்டிருக்கக் கூடாது என்று வருந்தினேன்.

ஒருவழியாகக் காத்திருப்போர் பட்டியலில் இருந்து இரண்டு இடங்கள் உறுதியாயின. தாயாரும் மகளும் போயிருக்கிறார்கள். நாங்கள் மூவர் இங்கேயே இருக்கிறோம். அக்கா மட்டும் பதநீர் குடிப்பாளா என்று மகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதால், நேற்று மாலை நெடுஞ்சாலை ஓரத்தில் நுங்கு வாங்கிக் கொடுத்தேன். ஏன் இவ்வளவு விலை என்று கேட்டதற்கு, லோடு வண்டி வாடகை ஏறிவிட்டது என்றார் விற்பவர். அந்தக் கணக்கு எனக்கே தெரியும் என்பதால் பேரம் பேசவில்லை.