கடற்பசு வருஷா வருஷம் குட்டி போடுமா?

சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவில் இருக்கும் செக் ஜாவா கடற்கரையில் கடற்புல் திட்டைப் பார்த்துவிட்டு வந்த ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பியதாக ஒரு செய்தி நம் குடும்பக் குழுக்களில் சுற்றுகிறது. ‘கடற்பசு ஆண்டுக்கு ஒரு குட்டி போடும், அதனால் அழியும் என்ற பயமே வேண்டாம்.’ இது தவறு.

கர்ப்பமே 13 மாதத்துக்கு மேல் போகும்போது ஆண்டுக்கொரு குட்டி எப்படி? பிறந்த குட்டி ஒன்றரை ஆண்டு வரைக்கும் தாயிடம் பால் குடிக்கும். இரண்டு பிரசவங்களுக்கு நடுவே குறைந்தது இரண்டரை ஆண்டு, சில தாய்களுக்கு 7 ஆண்டு வரை ஆகிறது. அது மேயும் கடற்புல் குறைந்தால் இடைவெளி இன்னும் நீளும். முதல் குட்டிக்கே 6 வயதாவது ஆகணும்.

சரி, கடலுக்குள் இருப்பதை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? இறந்து ஒதுங்கிய கடற்பசுவின் கொம்புப்பல்லை நெடுக்காக அறுத்தால், மரத்தின் வளையம் மாதிரி ஆண்டுக்கு ஒரு அடுக்கு தெரியும். அதுதான் வயது. கருப்பையில் நஞ்சுக்கொடி விட்டுப்போன தழும்புகளை எண்ணினால் எத்தனை பிரசவம் என்று தெரியும். இரண்டையும் சேர்த்தால்தான் இடைவெளி கிடைக்கும்.

விமானத்திலிருந்து குட்டிகளை எண்ணுவதும் உண்டு. ஆனால் பிறந்த உடனே இறந்தவை அதில் வராது, போன வருடக் குட்டியும் தாயோடு நீந்திக்கொண்டிருக்கும். இப்படி எண்ணிக் கிடைக்கும் குட்டிகளின் விகிதத்தைப் பிறப்பு விகிதம் என்று சொல்லவே கூடாது.

செக் ஜாவாவில் புல்லை மேய்ந்துபோன வளைந்த தடம் தெரிந்தால், ஒரு கடற்பசு அங்கே வந்தது என்று அர்த்தம். குட்டிக் கணக்கு அதில் இல்லை. எல்லாம் நல்லபடியாக இருந்தாலும் ஒரு கடற்பசுக் கூட்டம் ஆண்டுக்கு ஏறக்குறைய 5 சதவீதம்தான் பெருகும். படகு மோதி சில தாய்கள் போனாலே அதுவும் போய்விடும். தயவுசெய்து அந்தச் செய்தியை மேலே அனுப்பாதீர்கள்.