தோற்ற பிள்ளை அடுத்த வாரமும் வர வேண்டும்

நான் நடத்துகிற செஸ் கிளப் பற்றிக் கேட்கப் போன வாரம் ஒரு அம்மா போன் பண்ணினார். பையனுக்கு ஏழு வயது. "உங்ககிட்ட வர்ற பிள்ளைங்கள்ல எத்தனை பேர் ரேட்டிங் வாங்கியிருக்காங்க மிஸ்?" என்று கேட்டார். ரேட்டிங் என்பது போட்டிகளில் ஆடி வாங்குகிற புள்ளிக் கணக்கு. ஒருத்தரும் வாங்கவில்லை என்றேன். "அப்ப என்னதான் சொல்லிக் குடுக்கறீங்க?" என்றார். குத்தலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார். போனில் சரியாகச் சொல்ல வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

மன்னார்குடியில் எங்கள் வீட்டு மாடியில் பாதிக்குத் தகரக் கூரை போட்டிருக்கிறோம். ஞாயிறு காலை 9 மணிக்கு அங்கே பாய் விரித்தால் பதினொன்றரை வரை பிள்ளைகள் செஸ் ஆடுவார்கள். 2022 ஆகஸ்டில் ஆரம்பித்தது. மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்துகொண்டிருந்த நேரம். அதன் சின்னமான, வேட்டி கட்டின குதிரைத் 'தம்பி'யை எங்கே பார்த்தாலும் என் மகள் நின்றுவிடுவாள். அவளும் தெருப் பிள்ளைகள் ஐந்து பேருமாகத் தொடங்கியது, இப்போது 22 பேர். காசு வாங்குவதில்லை. சுருட்டி வைக்கிற ரெக்ஸின் போர்டு 9 இருக்கிறது. தொலைந்துபோன சிப்பாய்களுக்குப் பதில் புளியங்கொட்டை நிற்கும்.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் திருப்பூவனூர். சிவன் ராஜகுமாரியோடு சதுரங்கம் ஆடி, ஜெயித்து, அவளைக் கைப்பிடித்த தலம். சாமி பேரே சதுரங்க வல்லபநாதர். இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னபோது ஒன்றாம் வகுப்புக் குட்டி ஒன்று கேட்டது: "தோத்ததும் ராஜகுமாரி அழுதாங்களா மிஸ்?"

என்னிடம் பதில் இல்லை. ஆனால் இந்த கிளப்பை நடத்துவதில் எனக்கு முக்கியமான கேள்வி அதுதான். தோற்றதும் அந்தப் பிள்ளைக்கு என்ன ஆகிறது?

இரண்டு வருஷம் முன்னால் மகளை ஒரு போட்டிக்கு அழைத்துப் போயிருந்தேன். எங்கே என்பது வேண்டாம். எட்டு வயது இருக்கும், ஒரு பையன் ஆட்டம் முடிந்து வெளியே வந்தான். அப்பா அவன் கையிலிருந்த, மூவ்களை எழுதின ஸ்கோர்ஷீட்டைப் பிடுங்கிப் பார்த்தார். "யானையை ஏண்டா சும்மா குடுத்த?" என்று கன்னத்தில் ஒன்று வைத்தார். பையன் அழவில்லை. யார் யார் பார்த்தார்கள் என்று சுற்றிப் பார்த்தான், பிறகு குழாயடிக்குப் போய் முகம் கழுவினான். அடுத்த ரவுண்டில் என் மகள்தான் அவனுக்கு எதிரே. நடுவில் அவன் ராணியைத் தொட்டுவிட்டு, தொடவே இல்லை என்று நடுவரிடம் சாதித்தானாம். மகளுக்கு ஒரே ஆத்திரம். எனக்கு அந்தப் பையன் மேல் கோபமே வரவில்லை. வாசலில் நிற்கிற அப்பாவை நினைத்துச் சொன்ன பொய் அது.

அன்றைக்கு பஸ்ஸில் வரும்போதே முடிவு பண்ணினேன், பெற்றோர் யாரும் ஆட்ட நேரத்தில் மாடிக்கு வரக்கூடாது. படிக்கட்டு வரைக்கும்தான். சிலருக்கு வருத்தம், நான் விட்டுக்கொடுக்கவில்லை. இன்னொன்று, ஆட்டம் முடிந்ததும் இரண்டு பேரும் கை கொடுக்க வேண்டும், அப்புறம் ஜெயித்த பிள்ளை தோற்ற பிள்ளையிடம் அவர் வைத்த நல்ல மூவ் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 'நல்லா ஆடின' என்று சும்மா சொன்னால் எடுபடாது. எந்த மூவ் என்று காட்ட வேண்டும்.

இது லேசான வேலை இல்லை. வரிசையாக ஜெயித்துக்கொண்டே இருந்த ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன். எதிரே மூன்றாம் வகுப்புப் பெண், உதட்டைக் கடித்துக்கொண்டு போர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவன் வெகுநேரம் யோசித்தான். தலையைச் சொறிந்தான். பிறகு மெதுவாக, "நீ குதிரையை எஃப் ஃபைவ்ல வச்சல்ல, அப்ப என் ராணிக்குப் போக இடமே இல்ல. பயந்துட்டேன்" என்றான். அவள் நிமிர்ந்து, "எந்தக் குதிரை?" என்றாள். அவ்வளவுதான், இரண்டு பேரும் காய்களைப் பழைய இடத்தில் அடுக்கி அந்த நிலையைத் திரும்பப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். அவளால் அந்த ராணியைப் பிடித்திருக்க முடியும், கவனிக்கவில்லை. அதை அவளிடம் காட்டியது ஜெயித்தவன்தான். நான் சொல்லிக் கொடுத்திருந்தால் அவள் பாதிகூடக் கேட்டிருக்க மாட்டாள்.

புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே முழு ஆட்டம் கிடையாது. இரண்டு பக்கமும் எட்டு எட்டு சிப்பாய் மட்டும். யார் சிப்பாய் முதலில் அந்தக் கோடிக்குப் போகிறதோ அவர்களுக்கு வெற்றி. ஐந்து நிமிஷத்தில் ஒரு ஆட்டம் முடியும், அரைமணியில் நாலு தடவை தோற்று இரண்டு தடவை ஜெயித்திருப்பார்கள், தோல்வி கொஞ்சம் பழகிவிடும். அடுத்தது நாலு மூவ் செக்மேட். யூடியூபில் பார்த்துவிட்டு யாராவது ஒருத்தர் வாராவாரம் அதோடு வருவார்கள், சின்னப் பிள்ளைகள் மாட்டிக்கொண்டு அழும். அதனால் தற்காப்பை முதலில் சொல்லிவிடுகிறேன்: ராணி ஓரத்தில் வந்து நின்றால் பதறாதே, முதலில் குதிரையை எடுத்து நடுச் சிப்பாயைக் காப்பாற்று, மந்திரியும் வந்ததும் ஜி சிப்பாயை, அதாவது ராஜா பக்கத்துக் குதிரை வீட்டுக்கு முன்னால் நிற்கிற சிப்பாயை, ஒரு கட்டம் தள்ளி ராணியை விரட்டு. வரிசையை மாற்றினால் யானை போய்விடும்.

2024 டிசம்பர் 12 அன்று குகேஷ் சிங்கப்பூரில் டிங் லிரனை ஜெயித்து 18 வயதில் உலக சாம்பியன் ஆனார். அடுத்த ஞாயிறு புதிதாக 14 பிள்ளைகள் வந்தார்கள். பொங்கலுக்குள் ஒன்பது பேர் நின்றுவிட்டார்கள். பெற்றோரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் குகேஷோடு ஊர் ஊராகப் போவதற்காக அவர் அப்பா தன் மருத்துவத் தொழிலையே ஒதுக்கி வைத்தார். பிரக்ஞானந்தாவின் அம்மா வெளிநாடுகளுக்கெல்லாம் ரைஸ் குக்கரைத் தூக்கிக்கொண்டு போகிறார். அது ஒரு தவம், அதற்கு அகாடமி வேண்டும், பயிற்சியாளர் வேண்டும். 2024 மார்ச்சிலிருந்து, உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே தருகிற ரேட்டிங்கின் அடிமட்டமே 1400. அதற்காகப் போட்டி போட்டியாக அலைய வேண்டும், நுழைவுக் கட்டணம், பஸ், லாட்ஜ் எல்லாம் தனி. முடிந்தவர்கள் போகட்டும், வாழ்த்துகிறேன். எல்லாப் பிள்ளைக்கும் அதுதான் வாசல் என்று நினைப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

விஸ்வநாதன் ஆனந்துக்கு முதலில் சொல்லிக் கொடுத்தது அவர் அம்மா. பிறகு அவர் ஆடி வளர்ந்தது, செஸ் வீரர் மானுவல் ஆரோன் முன்னின்று 1972இல் சென்னை சோவியத் கலாச்சார மையத்தில் தொடங்கிய டால் செஸ் கிளப்பில். சில நிமிஷத்தில் முடிகிற பிளிட்ஸ் ஆட்டத்தில் ஜெயித்தவர் போர்டில் உட்கார்ந்திருப்பார், தோற்றவர் எழுந்து வரிசையில் நிற்க வேண்டும். மறுபடி தன் முறை வரும் என்று தெரிந்தால் தோற்ற பிள்ளை வரிசையில் நிற்கும். எனக்கு வேண்டியது அந்த வரிசைதான்.

அந்த வரிசையிலிருந்து பெண் பிள்ளைகள் காணாமல் போகிறார்கள். 22 பேரில் 7 பேர் பெண்கள். எட்டாம் வகுப்புக்கு மேல் ஒருத்திகூட இல்லை. 2023 டிசம்பரில் பிரக்ஞானந்தாவின் அக்கா வைஷாலி, செஸ்ஸின் உச்சப் பட்டமான கிராண்ட்மாஸ்டர் ஆனபோது இந்தியாவில் 84ஆவது. அந்த 84இல் பெண்கள், அவரையும் சேர்த்து, மூன்றே பேர். எங்கள் மாடியில் கடைசிக்கட்ட ஆட்டத்தில் எல்லாரையும் திணறடித்த பெண் ஒருத்தி போன ஆவணியில் நின்றுவிட்டாள். வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "பெரியவளாயிட்டா, பசங்க வர்ற இடம்" என்று அவள் பாட்டி சொன்னார். காபி கொடுத்தார்கள், நன்றாகத்தான் பேசினார்கள். திரும்பி வரும்போது மனசு கனத்துப் போயிற்று. அவள் வாசல்வரை வந்து, "மிஸ், அந்த யானை சிப்பாய் முடிவு நான் கண்டுபிடிச்சுட்டேன்" என்றாள்.

இன்னொரு தடவை போவேன். இந்த முறை அவள் பாட்டியையே அழைக்கப் போகிறேன், அதற்கு ஒரு வழி இருக்கிறது. மாதம் ஒரு ஞாயிறு தாத்தா பாட்டி ஆட்டம் வைக்கிறோம். முதல் மூவில் இரண்டு சிப்பாயை ஒவ்வொரு கட்டம் நகர்த்தலாம், செக் வாங்காத ராஜா ஒரே ஒரு தடவை குதிரை மாதிரி தாவலாம் என்று வீட்டுக்கு வீடு ஒரு பழைய விதி. ஒரே காய் சிலருக்கு யானை, சிலருக்குக் கோட்டை. எல்லாவற்றையும் அவர்கள் சொல்கிறபடி ஆடுவோம், பிள்ளைகள்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

வருகிற ஞாயிறு அந்த ஆட்டம். போன் பண்ணின அம்மாவும் பையனை அழைத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார். மன்னார்குடிப் பக்கம் இருப்பவர்கள் வீட்டுப் பெரியவர்களோடு வாருங்கள். படியேற முடியாதவர்களுக்குக் கீழே திண்ணையில் மூன்று போர்டு போட்டு வைக்கிறேன். பரணில் பழைய செஸ் செட் இருந்தால் எடுத்து வாருங்கள், ஒரு கறுப்பு ராஜா தேவைப்படுகிறது.