யாருக்கு வேலை என்று கேட்டதற்கா சிரிப்பு?

புது விமான நிலையம் பற்றிய நேற்றைய விவாதத்தின் அந்த இரண்டு நிமிட வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எனக்கே பத்துப் பேர் அனுப்பிவிட்டீர்கள். "விமான நிலையம் வந்தா எங்க பிள்ளைங்களுக்கு என்ன வேலைங்க கிடைக்கும்?" என்று அந்த அம்மா கேட்டதும் மேடையில் இருந்தவர் சிரித்தாரே, கூடவே அரங்கமும் சிரித்ததே, அதைப் பார்த்ததிலிருந்து மனசே சரியில்லை. ஆயிரக்கணக்கில் வேலை வரும்போது இப்படிக் கேட்கலாமா என்றார் அந்த மேடைக்காரர். கேட்கலாம். கேட்டே ஆகவேண்டும். எத்தனை வேலை என்பது அப்புறம். யாருக்கு வேலை, என்ன வேலை?

நான் விமான நிலையத்துக்கு எதிரி இல்லை. எங்கள் வீட்டுப் பக்கத்து விமான நிலையத்தில் உழைத்த காசில்தான் என் தங்கையைப் படிக்க வைத்தேன். மூன்று வருடம் சரக்கு ஷெட்டில் இரவு ஷிஃப்ட். எங்கள் மொட்டை மாடியில் நின்றால் ஓடுபாதை விளக்குகள் தெரியும். ஆனால் சரக்கு கேட் மறுபக்கம். கண்ணெதிரே இருக்கும் இடத்துக்குச் சுற்றுச்சுவரை ஒட்டி ஒரு மணி நேரம் சைக்கிள் மிதிக்கவேண்டும். இரவு இரண்டு மணி ஷிஃப்டுக்கு ஏது பஸ்?

அந்த மூன்று வருடத்தில் கான்ட்ராக்ட் இரண்டு முறை கைமாறியது. எங்கள் மஞ்சள் ஜாக்கெட்டின் முதுகில் பழைய கம்பெனிப் பெயருக்கு மேலேயே புதுப் பெயரை ஒட்டிக் கொடுத்தார்கள். நாலு தடவை துவைத்தால் ஓரம் பிய்ந்து பழைய பெயர் எட்டிப் பார்க்கும். அதே ஷெட், அதே பெட்டி. என் சர்வீஸ் மட்டும் ஒவ்வொரு முறையும் முதல் நாளிலிருந்து தொடங்கும். மேடையில் சொல்லும் ஆயிரத்தில் நானும் ஒருவன்தான். ஆண்டுக்குப் பத்து லட்சம் பயணிகள் வந்தால் சுமார் ஆயிரம் நேரடி வேலை என்று உலகம் முழுக்க ஒரு கணக்குச் சொல்வார்கள். அதில் விமானியும் ஒன்று, தள்ளுவண்டி தள்ளுபவரும் ஒன்று. பழைய நிலையத்தை மூடிவிட்டு ஆட்களைப் புது நிலையத்துக்கு மாற்றினாலும் அதுவும் 'புதிய வேலை' ஆகிவிடுகிறது.

"விமான நிலையத்தால் வளர்ந்த அமெரிக்க நகரம் மெம்ஃபிஸைப் பார்" என்று ஒருவர் கமெண்டில் வருவார். பார்த்தேன். 1973-இல் ஃபெடெக்ஸ் என்ற பார்சல் கம்பெனி அங்கே தன் மையத்தை வைத்து, நாடெங்கும் போகும் பார்சலை ராத்திரியோடு ராத்திரியாகப் பிரித்து அனுப்ப ஆரம்பித்தது. கிடங்குகளும் பின்னாலேயே வந்தன. ஆனால் ஓடுபாதை அதற்கு வெகுகாலம் முன்பே அங்கே இருந்தது. அயர்லாந்தின் ஷானன் விமான நிலையமும் அப்படித்தான். ஜெட் விமானங்கள் எரிபொருளுக்காக அங்கே இறங்கத் தேவையில்லாமல் போனபோது, நிலையம் ஈயோட்டும் என்று தெரிந்து, 1959-இல் பக்கத்திலேயே வரிச்சலுகைத் தொழில் மண்டலம் அமைத்தார்கள். தொழிற்சாலை வந்தது, அப்புறம் தொழிலாளிகளுக்கு வீடு கட்டினார்கள், ஒரு நகரமே எழுந்தது. யாரோ உட்கார்ந்து யோசித்துச் செய்த வேலை அது. தார் போட்டதும் தானாக முளைக்கவில்லை.

யோசிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு கனடாவில் மான்ட்ரியல் நகரத்தின் மிராபெல் விமான நிலையம் இருக்கிறது. சுமார் 97,000 ஏக்கரை விவசாயிகளிடமிருந்து எடுத்து, 1975-இல் திறந்து, 2004-இல் பயணிகள் விமானமே நின்றுபோனது. முனையத்தையும் இடித்துவிட்டார்கள். இன்று அங்கே விமானத் தொழிற்சாலை நடக்கிறது, அதை மறைக்கவில்லை. ஆனால் அதற்கு அத்தனை பேரை எழுப்பி அனுப்பியிருக்க வேண்டுமா?

"உள்ளூர் ஆளை எடு என்று கம்பெனியிடம் சொன்னால் திட்டமே ஓடிவிடும்" என்பது அடுத்த பயமுறுத்தல். லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலைய விரிவாக்கத்தின்போது, 2004-இல், சுற்றியிருந்த மக்கள் அமைப்புகள் உள்ளூர் ஆட்களுக்கு வேலையில் முன்னுரிமை, பயிற்சி, பள்ளிக்கூடங்களுக்கு ஒலித்தடுப்பு எல்லாவற்றையும் ஒப்பந்தமாகவே எழுதி வாங்கின. விமானம் பறக்காமலா போய்விட்டது? அமெரிக்காவிலேயே சியாட்டில் பக்கத்தில் சீடாக் என்ற சின்ன நகரத்தில் 2013-இல் வாக்கெடுப்பு வைத்து, விமான நிலையம், ஹோட்டல் தொழிலாளிகளுக்கு மணிக்கு 15 டாலர் என்று கொண்டுவந்தார்கள். 77 ஓட்டு வித்தியாசத்தில்தான் அது ஜெயித்தது. விமான நிலையத்துக்குள் வேலை செய்பவர்களுக்கும் அது செல்லும் என்று நீதிமன்றம் சொல்ல 2015 ஆனது. கேட்டார்கள், போராடினார்கள், கிடைத்தது. அங்கே யாரும் சிரிப்பால் பதில் சொல்லி முடித்துவிடவில்லை.

நில விலை ஏறுமே என்பீர்கள். ஏறும். வாடகையும் ஏறும். எங்கள் அப்பா மாடி எழுப்பலாம் என்று தூண்களில் கம்பியை நீட்டிவிட்டு வைத்திருந்தார். விமானம் இறங்கும் பாதை, உயரக் கட்டுப்பாடு, அனுமதி இல்லை என்றார்கள். அந்தக் கம்பி துருப்பிடித்து வழிந்து மழைக்காலத்தில் சுவரெல்லாம் பழுப்புக் கோடாக இறங்கும். அப்பா வருஷா வருஷம் அதன் மேல் சுண்ணாம்பு அடிப்பார். யாரிடமும் குறை சொன்னதில்லை. எங்களை மாதிரி ஆட்கள் குறை சொன்னால் வளர்ச்சிக்கு எதிரி என்ற பெயர் வந்துவிடும் என்று அவருக்குத் தெரியும்.

அந்த அம்மாவும் எதிரி இல்லை. வரட்டும், என் பிள்ளைக்கு அதில் என்ன இடம் என்றுதான் கேட்டார். வீடியோவை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். கையில் மடித்த தாள் ஒன்று வைத்திருக்கிறார். சிரிப்புச் சத்தம் கேட்டதும் அதைப் பிரிக்காமலே பைக்குள் வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறார். அங்கே இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அதில் என்ன எழுதியிருந்தார் என்று அவரிடம் கேட்டுச் சொல்லுங்கள்.