ஃபுளோரிடா பாந்தர் 'கலப்பினம்' ஆகிவிட்டதா?

ஃபுளோரிடா பாந்தர் என்பது அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் வாழும் பூமா, அதாவது பெரிய காட்டுப் பூனை. அதைக் காப்பாற்ற டெக்சஸ் மாநிலத்துப் பூமாக்களைக் கொண்டுவந்து விட்டதோடு அசல் ஃபுளோரிடா பாந்தர் அழிந்துவிட்டது, இனி அதைக் காப்பது வீண் என்று எழுதியிருக்கிறீர்கள். தவறான தகவல். 1995-ல் விட்டது எட்டே எட்டுப் பெண் பூமாக்கள். அவற்றில் ஐந்துதான் குட்டி போட்டன. கடைசியாக மிஞ்சியவற்றையும் 2003-ல் காட்டிலிருந்து பிடித்துவிட்டார்கள்.

அதற்கு முன்பு நிலைமை எப்படி இருந்தது தெரியுமா? மொத்தமே 20, 30 விலங்குகள். நெருங்கிய சொந்தத்துக்குள்ளேயே இணைசேர்ந்ததால் வால் நுனி மடங்கி, முதுகில் மயிர்ச்சுழியோடு குட்டிகள் பிறந்தன. சிலவற்றுக்கு இதயத்தில் ஓட்டை. பல ஆண்களுக்கு விரை கீழே இறங்கவே இல்லை. அப்படியே விட்டிருந்தால் காப்பாற்ற எதுவும் மிஞ்சியிருக்காது.

அப்புறம், ஃபுளோரிடா பாந்தர், டெக்சஸ் பூமா இரண்டுமே பூமாதான். இடைப்பட்ட மாநிலங்களில் பூமா வாழ்ந்த காலத்தில் இவை இயல்பாகவே கலந்துவந்தன. நடுவில் இருந்ததைச் சுட்டுத் தீர்த்தது மனிதர்கள்.

இன்று 120 முதல் 230 வரை இருப்பதாகக் கணிக்கிறார்கள். இப்போது பெரிய எமன் ரோடுதான். இறந்து கிடைப்பவற்றில் பெரும்பாலானவை வண்டியில் அடிபட்டவை. பாந்தர்கள் பெரும்பாலும் வாழ்வது தெற்கு ஃபுளோரிடாவில், கலூசஹாட்சி ஆற்றுக்குத் தெற்கே; பரவ வேண்டுமானால் வடக்கேதான் போகவேண்டும். அந்த ஆற்றுக்கு வடக்கே, 1973-க்குப் பிறகு ஒரு பெண் பாந்தர் தென்பட்டதே 2016-ல்தான். கவலைப்படுவதானால், அந்த வடக்கு நிலங்கள் வீட்டுமனையாவதைப் பற்றிக் கவலைப்படுங்கள்.