நம்பர் இல்லாத பாகத்தை மாற்றினால் சட்டம் கேட்காதா?

அமெரிக்காவில் ஏஆர்-15 ரக ரைஃபிள் வைத்திருப்பவர்களிடையே ஒரு பேச்சு சுற்றுகிறது: சீரியல் நம்பர் உள்ள லோயர் ரிசீவர் (விசை பொருந்தும் கீழ்ச்சட்டகம்) மட்டும்தான் சட்டப்படி துப்பாக்கி, மற்றதெல்லாம் வெறும் உதிரிபாகம், எதை வேண்டுமானாலும் கழற்றி மாட்டலாம். முதல் பாதி சரிதான், கூட்டாட்சிச் சட்டம் அந்த ரிசீவரைத்தான் துப்பாக்கியாகக் கணக்கில் எடுக்கிறது. தப்பு இரண்டாம் பாதியில்.

கலிபோர்னியாவையே பாருங்கள். மேகசினை, அதாவது தோட்டாப் பெட்டியைக் கழற்றி மாட்டக்கூடிய, சென்டர்ஃபயர் தோட்டா (அடிப்பாகத்தின் நடுவில் பற்றவைக்கும் மருந்து உள்ளது) போடுகிற செமி ஆட்டோமேட்டிக் (ஒரு முறை விசையை அழுத்தினால் ஒரு தோட்டா சுட்டு, அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும்) ரைஃபிளில், துருத்தி நிற்கும் பிஸ்டல் கிரிப், மடக்கும் ஸ்டாக் (தோளில் அணைக்கும் பின்கட்டை), ஃபிளாஷ் சப்ரஸர் (சுடும்போது குழல் முனையில் தெரியும் தீப்பொறியைக் குறைக்கும் துண்டு) என்று பட்டியலில் உள்ளவற்றில் ஒன்றே ஒன்று இருந்தால் போதும், அது ‘அசால்ட் வெப்பன்’, அதாவது மாநிலச் சட்டம் கட்டுப்படுத்தும் ஆயுதம் ஆகிவிடும். கடையில் வாங்கிய, நம்பரே இல்லாத ஒரு விரல் நீள ஃபிளாஷ் சப்ரஸரைக் குழல் முனையில் திருகிய நிமிடமே சிக்கல்தான்.

சரி, அதற்குப் பதில் உதைப்பைக் குறைக்கும் மசில் பிரேக் போடலாமா? கலிபோர்னியா பட்டியலில் அது இல்லை, நியூயார்க் பட்டியலில் இருக்கிறது! இதில் எங்கே போய் பொது விதி தேடுவது?

அப்புறம், கூட்டாட்சிச் சட்டமும் பாகங்களைக் கண்டுகொள்ளாமல் விடுவதில்லை. 16 அங்குலத்துக்குக் குறைவான குழலை முன் அனுமதி வாங்காமல் ரைஃபிளில் மாட்டினால், 1934-ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டம் பாயும்.