தடை பயிற்சியாளருக்குத்தான், மாணவருக்கு அல்ல
பத்தாம் வகுப்பு முடியும்வரை அமெரிக்கக் கல்லூரிப் பயிற்சியாளருக்கு மாணவர் மின்னஞ்சல் அனுப்புவதே விதிமீறல் என்று ஒருவர் எழுதியிருப்பது தவறு. அதை நம்பிப் பிள்ளைகள் வீணாகக் காத்திருந்துவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் இந்த விதி கட்டுப்படுத்துவது மாணவரை அல்ல, பயிற்சியாளரைத்தான். அந்த அமைப்பு கல்லூரிகளை மூன்று பிரிவுகளாக வகுத்திருக்கிறது. அவற்றில் முதல் பிரிவில், பெரும்பாலான விளையாட்டுகளில், பத்தாம் வகுப்பு முடிந்து வரும் ஜூன் 15க்கு முன் அணிக்கு ஆள்சேர்ப்பது குறித்து அவர் தனிப்பட்ட முறையில் பதில் எழுத இயலாது; விவரப் படிவமும் பயிற்சி முகாம் அறிவிப்பும் அனுப்பலாம். மூன்றாம் பிரிவில் மின்னஞ்சலுக்கு இந்தத் தேதிக் கட்டுப்பாடே இல்லை. ஆகவே பதில் வராததை நிராகரிப்பாகக் கொள்ளாமல், நீச்சல் வீராங்கனை என்றால் தான் நீந்தும் ஒவ்வொரு போட்டி வகையிலும் தன் சிறந்த நேரம், பள்ளி முடிக்கும் ஆண்டு, மதிப்பெண் சராசரி, அடுத்த போட்டி நடக்கும் இடம் ஆகியவற்றைச் சுருக்கமாக எழுதி, பெற்றோர் வழியாக அல்லாமல் தானே தன் பெயரில் அனுப்புவது நல்லது.